ஏழாம் கேள்விக்கு எழுதிய பதில்

கண்டி
06.02.2024

மதிப்பிற்குரிய திருமதி சிசிலி அலோசியஸ் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தேன். கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீர்ப்பாறைத் தோட்டத்துப் பெண்கள் நாற்பத்தொரு பேரின் இரத்த முடிவுகளில் ஒரு குழப்பம் இருக்கிறது. மாதவிலக்கின் இரண்டாம் நாளில் எடுத்த இரத்தத்தில் கருத்தரிப்புக்கான ஓமோன்கள் தாழ்ந்த நிலையில் இருக்க வேண்டும். அதனால்தான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தோம். உங்கள் தோட்டத்தில் பலருக்கு அவை மாதத்தின் நடுப்பகுதியில் இருப்பதுபோல உயர்ந்திருக்கின்றன. ஆய்வில் உள்ள இன்னொரு தோட்டத்தில் அப்படி இல்லை. மீதமிருந்த இரத்தத்தை மறுபடி சோதித்துவிட்டோம். ஆய்வுகூடத்தில் பிழை இல்லை.

படிவத்தின் ஏழாம் கேள்வி, ‘இன்று மாதவிலக்கின் எத்தனையாவது நாள்?’ என்பது. நாற்பத்தொரு படிவங்களிலும் ‘இரண்டு’ என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. மூன்றாம் நாளில் வருபவர்களையும் சேர்க்கலாம் என்றிருந்தோம். ஒருவர்கூட மூன்றாம் நாளில் வரவில்லையா?

தவறாக எண்ண வேண்டாம். ஆய்வுக்காகக் கேட்கிறேன்.

இப்படிக்கு,
வைத்தியர் கிருஷாந்தி


ஹட்டன்
14.02.2024

வைத்தியர் கிருஷாந்தி அவர்களுக்கு,

தொலைபேசி கிடைக்காமல் இல்லை. நான் எடுக்கவில்லை. முக்கியமான விஷயங்களை வாயால் பேசிவிட்டுப் பிறகு ‘அப்படிச் சொல்லவில்லை’ என்பது எனக்குப் பிடிக்காது. எழுதியதற்கு நன்றி.

சென்ற வருடம் நீங்கள் என் வீட்டுக்கு வந்து சொன்னதை நினைவூட்டுகிறேன். விற்றமின் டி என்பது வெயிலிலிருந்து உடல் தானே செய்துகொள்வது. பகல் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்களுக்கே அது குறைவாக இருக்கிறதா, அந்தக் குறைவு அவர்கள் கருத்தரிப்பதைத் தடுக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்றீர்கள். தோட்டத்தில் எல்லோரும் மதிக்கும் ஒருவர் பெண்களை அழைத்து வந்து படிவம் நிரப்பித் தர வேண்டும் என்றீர்கள். என் கணவர் முப்பத்திரண்டு வருடம் அங்கே பெரிய கிளாக்கராக இருந்தவர். நான் இருபத்தெட்டு வருடம் ஆங்கிலம் கற்பித்தவள். அந்த மரியாதையை உங்கள் வேலைக்குக் கொடுத்தேன்.

பிள்ளைக் காம்பராவில் இரத்தம் எடுக்கலாம் என்றார்கள். குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அந்த இடத்தில் பால் புளித்த வாடை. நான் மறுத்தேன். கோயில் தலைவர் மாயாண்டியிடம் நானே பேசி, அம்மன் கோயில் மண்டபத்தை வாங்கித் தந்தேன். கழுவிய தரை, பூட்டக்கூடிய கதவு, தண்ணீர்க் குழாய். ஒரு கத்தோலிக்கப் பெண் கேட்டு அவர்கள் அதைத் திறந்துவிட்டது சின்ன விஷயம் இல்லை. மூன்று மாதம், ஒவ்வொரு வியாழக்கிழமையும் சிலராக, பட்டியலில் இருந்த நாற்பத்தொரு பேரும் வந்தார்கள். இன்னொரு தோட்டத்தில் பதினேழு பேர் வரவே இல்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

என் கையெழுத்தைச் சந்தேகிக்க வேண்டுமானால் நேரடியாகச் சந்தேகியுங்கள்.

சிசிலி அலோசியஸ்


கண்டி
25.02.2024

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா டிக்கோயாவில் நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். இப்போது என்னோடு இருக்கிறார். கோயில் மண்டபம் என்ற இடத்தில் என்னை நிறுத்தினார்.

“ஏன்டி, தூரமான பொம்பளைய கோயில் மண்டபத்துக்கா வரச் சொன்னீங்க?”

“ஆமாம்மா.”

“எவ வருவா? அஞ்சு நாளு கழிச்சு, தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் அந்தப் பக்கம் போவா. படிச்சவங்க ரெண்டு பேரு சேந்து செஞ்ச வேலையா இது?”

டீச்சர், நான் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள். அந்த நாட்களில் அம்மா கோயில் பாதையை விட்டு, தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கமாகச் சுற்றிப் போவதைப் பார்த்து வளர்ந்தவள். நீங்கள் கத்தோலிக்கர், உங்களுக்குத் தோன்றாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தோன்றியது. ஆய்வு தொடங்குமுன் நடந்த கூட்டத்தில் நீங்கள் மண்டபத்தைப் பற்றிச் சொன்னபோதே தோன்றியது. கொழும்பிலிருந்து வந்த பேராசிரியர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் ‘எங்கள் பெண்கள் அந்த நாளில் கோயிலுக்குள் வர மாட்டார்கள்’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் பெண்கள் என்று சொல்லவே வரவில்லை. ‘நல்ல இடம்’ என்று குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

இப்போது நீங்கள் ஒன்றை எனக்குச் சொல்ல வேண்டும். ஏழாம் கேள்வியை அந்தப் பெண்களிடம் எப்படிக் கேட்டீர்கள்?

இது அவசரம். இருபத்துமூன்றாம் எண்ணுக்குரிய பெண்ணின் சூலகம் சீக்கிரம் ஓய்ந்துவருவதாக அவருடைய முடிவு காட்டியது. வழக்கப்படி நவம்பரில், எண் மட்டும் எழுதிய உறையில், உங்கள் வழியாக அவருக்குக் கடிதம் அனுப்பினோம். அந்த முடிவை நேற்று மறுபடி பார்த்தேன். இரண்டு ஓமோன்கள் ஒன்றாக உயர்ந்திருக்கின்றன. ஓய்ந்துவரும் சூலகம் அப்படி இருக்காது. நல்ல சூலகம் முட்டையை வெளியே விடும் நாளில்தான் அப்படி இருக்கும். அவர் இரண்டாம் நாளில் வரவில்லை என்றால், நவம்பர்க் கடிதம் பிழை. பெயர்ப் பட்டியல் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர் யார்?

கிருஷாந்தி


ஹட்டன்
28.03.2024

வைத்தியர் கிருஷாந்தி அவர்களுக்கு,

ஒரு மாதமாகப் பதில் எழுதாததற்குக் காரணம் உடல்நலம் இல்லை. மூன்று முறை எழுதி, மூன்று முறையும் கிழித்தேன். முதல் இரண்டும் பொய். மூன்றாவதில் பாதி பொய்.

நான் கேட்கவில்லை. ஒருவரிடமும் கேட்கவில்லை.

கன்னியர் மடத்துப் பள்ளியில் பதினொரு வருடம் படித்தேன். அந்தச் சொல்லை அங்கே யாரும் சொன்னதில்லை. வயிற்றுவலி என்போம். சிஸ்டர் திரும்பிப் பாராமல் சரி என்பார். என் கணவரிடம்கூட நான் அதைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. மண்டபத்தில் இரத்தம் எடுக்க வந்த நிரஞ்சன் என் மகன் வயது ஆண். இரண்டு முழம் தள்ளி ஊசியோடு நிற்கிறான். அவன் காதில் விழ அதைக் கேட்க என்னால் முடியவில்லை. இரண்டாம் நாளில் வாருங்கள் என்று ஒருமுறை துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்திருந்தோம். வந்தவர்கள் அதன்படிதான் வந்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்தேன். புதன்கிழமை பகலில் வீட்டிலேயே உட்கார்ந்து, ஏழாம் கேள்விக்கு நேரே ‘இரண்டு’ என்று எழுதிவைத்துவிடுவேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லமாட்டேன். இரண்டாவது வியாழனன்றே தெரிந்தது. வந்த நான்கு பேருக்கும் தலை ஈரம். ஒருத்தி மஞ்சள் பூசியிருந்தாள். தலைக்குக் குளித்துச் சுத்தமாகிக் கோயிலுக்கு வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று அறுபது வருடமாகப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் ஒரு பெயரும் விடுபடக்கூடாது என்பதுதான் அன்றைக்கு என் கவலை. வராவிட்டால் வீட்டுக்கே வந்து கேட்பேன் என்று சொல்லிவைத்திருந்தேன். அதனால் ஏதோ ஒரு நாளில் எல்லோரும் வந்தார்கள்.

ஒருத்தி சொல்லப் பார்த்தாள். “டீச்சரம்மா, எனக்கு இன்னிக்கி...” என்று தொடங்கினாள். “எல்லாம் எழுதியாச்சு, கையை நீட்டு” என்றேன்.

அவள்தான் உங்கள் இருபத்துமூன்று. சுலக்ஷனா. வயது இருபத்தொன்பது. கலியாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. கணவன் லோஜன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. மாமியார் அழகம்மாவோடு மேல் லயத்தில் இருந்தாள்.

இருந்தாள் என்று எழுதுகிறேன். ஏன் என்றால், நவம்பரில் உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான். அது ஆங்கிலத்தில் இருந்தது. சுலக்ஷனா உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மடிக்கப் போனாள். அழகம்மா, “என்னாங்க டீச்சரம்மா எழுதியிருக்கு?” என்று கேட்டாள். நான் கடிதத்தை வாங்கி, பைப்படியில் நின்று வாசித்தேன். ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. தண்ணீர் பிடிக்க வந்த ஆறேழு பேர் வாளியை வைத்துவிட்டுக் கேட்டார்கள். சூலகத்தின் வலு குறைந்திருக்கக்கூடும், மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்றுதான் நீங்கள் எழுதியிருந்தீர்கள். நான் குறைந்துவிட்டது என்று சொன்னேன். பரிசோதனை பற்றிய வரிக்கு வருமுன் அழகம்மா பேசத் தொடங்கிவிட்டாள்.

“அப்ப பட்டுப்போன மரம்னு சொல்லுங்க.”

நான் மறுக்கவில்லை. கடிதத்தை மடித்துச் சுலக்ஷனாவிடம் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் ஆங்கிலம் வாசித்துக் காட்டச் சொல்லி யாரும் என்னிடம் வருவதில்லை, பிள்ளைகளின் தொலைபேசியே வாசித்துவிடுகிறது. அன்றைக்கு ஒருவர் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் காரணம். வேறு காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

தைப்பொங்கல் முடிந்த கிழமை அவளை வட்டவளையில் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லோஜனுக்கு வேறு பெண் பார்ப்பதாக, ஞாயிறு பூசை முடிந்து வரும்போது கேள்விப்பட்டேன். உங்கள் முதல் கடிதம் அதற்குப் பிறகு வந்தது. தொலைபேசியை ஏன் எடுக்கவில்லை என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

சிசிலி அலோசியஸ்


கண்டி
02.04.2024

டீச்சருக்கு,

உங்கள் கடிதத்தை ஆய்வுகூடத்தில் நின்றபடி வாசித்தேன். பிறகு வேலை ஓடவில்லை.

உங்கள்மேல் கோபப்பட நினைத்தேன். ஆனால் அந்த உறையை ஒட்டியது நான். தமிழ்க் கடிதம் தயாராகவில்லை, காத்திருந்தால் இன்னும் இரண்டு மாதம் போகும் என்றார்கள். ஆங்கிலத்திலேயே போகட்டும் என்றேன். ஒரே ஒரு பரிசோதனையை வைத்து ஒரு பெண்ணிடம் அப்படிச் சொல்லக்கூடாது. நேரில் அழைத்து, தனியாக உட்காரவைத்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். என் அம்மாவுக்கு அப்படி ஒரு கடிதம் ஆங்கிலத்தில் வந்திருந்தால் யாரிடம் கொண்டுபோயிருப்பார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

விற்றமின் டி அளவுக்கு நாள் கணக்குத் தேவையில்லை. அந்தப் பகுதி நிற்கும். நாற்பத்தொரு பேரில் முப்பத்தாறு பேருக்கு அது போதாது. தலைமுண்டு, முழுக்கைச் சட்டை, இடுப்பில் படங்குச் சாக்கு, அதற்கு மேல் மலை மூட்டம். வெயில் எங்கே படும்? ஆனால் அதை ஓமோன்களோடு சேர்த்து எழுதிய பகுதி நிற்காது. ஜூன் மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையை இன்று திரும்பப் பெற்றேன். காரணம் கேட்டார்கள். இரத்தம் எடுத்த நாள்கள் பிழை, இடத்தைத் தேர்ந்தபோது எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் இன்னும் என்னோடு பேசவில்லை.

சுலக்ஷனாவிடம் நான் போகிறேன். நீங்கள் போக வேண்டாம். உங்களைப் பார்த்தால் அவர் மனம் நோகும்.

கிருஷாந்தி


ஹட்டன்
17.04.2024

வைத்தியர் கிருஷாந்தி அவர்களுக்கு,

போக வேண்டாம் என்றீர்கள். போய்விட்டு வந்தேன். நான் செய்ததை எனக்காக வேறொருவர் போய்ச் சொல்வது சரியில்லை.

வட்டவளைக்குப் பஸ்ஸில் போய், லயம் வரை ஏறி நடந்தேன். சுலக்ஷனாவின் தாய் அம்மாக்கண்ணு வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“வாங்க. இப்பயும் கடதாசி ஏதும் கொண்டாந்திருக்கீங்களா?”

“இல்லை.”

“அப்ப உள்ள வாங்க.”

சுலக்ஷனா இப்போது அங்கேயே கொழுந்து பறிக்கப் போகிறாள். பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தாள். எனக்கு ஒரு கதிரையைப் போட்டுவிட்டு, அவள் நின்றாள். உட்கார் என்று சொல்ல வாய் வந்தது. அது அவள் வீடு என்று நினைத்து நிறுத்திக்கொண்டேன். ஏழாம் கேள்வியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அந்தச் சொல்லையும் சொன்னேன். எழுபத்துநான்கு வயதில் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்கு அது வெறும் சொல்.

“எனக்கு ஞாயித்துக்கெழம ஆச்சு,” என்றாள். “அந்த வியாழன் அஞ்சாம் நாளு, தலைக்கு ஊத்தல. கோயிலுக்குள்ள எப்படிங்க வர்றது? அடுத்த வியாழன் வந்தேன். பன்னெண்டாம் நாளு. சொல்ல வந்தேன். கைய நீட்டுன்னீங்க. நீட்டுனேன்.”

மன்னிக்க வேண்டும் என்றேன். அவள் என்னிடம் ஒன்று கேட்டாள்.

“அந்தக் கடதாசிய ஏன் பைப்படியில வச்சுப் படிச்சீங்க?”

“வாசிக்கச் சொல்லிக் கேட்டீர்கள் என்று...”

“நான் கேக்கல. மாமிதான் கேட்டாங்க. கடதாசி எனக்குத்தான வந்துச்சு.”

அம்மாக்கண்ணு வெளியிலிருந்து, “நல்லாக் கேளு,” என்றாள்.

மறுபடி பரிசோதிக்கலாம், பிழையாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, நல்ல முடிவு வந்தால் நானே அழகம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றேன். அதைச் சொன்னபோது நல்ல காரியம் செய்வதாகத்தான் நினைத்தேன். சுலக்ஷனாவுக்குக் கோபம் வந்தது அப்போதுதான்.

“வேணாங்க டீச்சரம்மா. இன்னொரு கடதாசியத் தூக்கிக்கிட்டு எனக்காக யாரும் அங்க போக வேணாம். ஒரு கடதாசிக்காக வெரட்டுனாங்க. இன்னொரு கடதாசியப் பாத்துட்டுக் கூப்புடுவாங்களா? அப்படி ஒரு வூட்டுக்கு நான் போறதா இல்லையான்னு நான்தான் யோசிக்கணும்.”

இரத்தம் கொடுக்கச் சம்மதம். உங்கள் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன். நாள் வந்ததும் அவளே அழைப்பாளாம். “எனக்கு எண்ணத் தெரியும்” என்றாள். முடிவு அவள் கையில் மட்டும் வர வேண்டும். தமிழில் வர வேண்டும்.

தேநீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

சிசிலி


கண்டி
20.05.2024

அன்புள்ள டீச்சருக்கு,

சுலக்ஷனா சென்ற மாதக் கடைசியில் அழைத்தார். அன்றைக்கே வட்டவளைக்குப் போய், அம்மாக்கண்ணுவின் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நானே இரத்தம் எடுத்தேன். எத்தனையாவது நாள் என்று கேட்டேன். “ரெண்டு” என்று சொல்லிச் சிரித்தார்.

முடிவை நேற்று அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். தமிழில் எழுதி, உறையிலிட்டு. நவம்பர்க் கடிதம் செல்லாது என்று தனியாக இன்னொரு தாளில் எழுதிக் கையொப்பம் வைத்தேன். புதிய முடிவு என்ன என்று உங்களுக்கு எழுத மாட்டேன். என் அம்மாவுக்கும் சொல்லவில்லை. நீங்கள் எதிர்பார்த்திருந்தால் மன்னிக்க வேண்டும்.

உங்களிடம் சொல்லச் சொல்லி அவர் ஒன்று சொன்னார். அப்படியே எழுதுகிறேன்: “டீச்சரம்மா கடதாசி படிச்ச எடத்துலயே நின்னு, நான் கேக்காமலே எழுதுனேன்னு சொல்லட்டும். அவங்க செஞ்சத மட்டும் சொல்லட்டும். என் ஒடம்பப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது.”

இதை நீங்கள் செய்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அடுத்த மாதம் முதல், இரண்டு தோட்டங்களிலும் மறுபடி தொடங்குகிறோம். இம்முறை பிள்ளைக் காம்பராவில். கேள்வி கேட்க ஒரு மருத்துவமாது வருகிறார்.

அன்புடன்,
கிருஷாந்தி


ஹட்டன்
03.06.2024

அன்புள்ள கிருஷாந்திக்கு,

நேற்று ஞாயிறு. பூசை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே தோட்டத்துக்குப் போனேன். எல்லோரும் லயத்தில் இருக்கும் நாள் அது என்பதால் அதையே தேர்ந்தெடுத்தேன். வழி முழுக்க வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அங்கே போனதும் ஒன்றும் உதவவில்லை.

பைப்படியில் ஒன்பது பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் எனக்குக் கை நீட்டியவர்கள். அழகம்மா துணி அலசிக்கொண்டிருந்தாள். எனக்குக் கதிரை கொண்டுவர ஒருத்தி ஓடினாள். வேண்டாம் என்றேன்.

மண்டபத்தில் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை, நீங்கள் சொல்லாத பதிலை நானே எழுதினேன், பிழை என்று தெரிந்த பிறகும் எழுதினேன், அதனால் வந்த பிழையான கடிதத்தை இதே இடத்தில் நின்று வாசித்தேன், வாசிக்கும்போது அதில் இல்லாததையும் சொன்னேன் என்றேன். இதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை. சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஒருத்தி மட்டும், “அதான் அன்னிக்கே நாங்க பேசிக்கிட்டோம்,” என்றாள். இன்னொருத்தி அவளை இடித்தாள். அவர்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. என் முகத்துக்கு நேரே சொல்ல ஒருவருக்கும் முடியவில்லை. என் மரியாதை என்று நான் உங்களுக்கு எழுதியது அதுதான்.

அழகம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

“அப்ப அவளுக்குப் புள்ள பொறக்குமாங்க?”

“எனக்குத் தெரியாது.”

“டாக்டரம்மா திரும்பவும் ரத்தம் எடுத்தாங்களாமே. ஒங்களுக்குத் தெரியாம இருக்குமா?”

“தெரியாது. தெரிந்தாலும் அது நான் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை.”

அழகம்மாவும் அந்தப் பிள்ளையோடு ஆறு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவள். முகம் சரியாக இல்லை.

“ஒண்ணுந் தெரியாமத்தான் அன்னிக்கி அம்புட்டுச் சத்தமாப் படிச்சீங்களா?” என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

சிசிலி